ரிப்பீட் பிள்ளைகளுக்கு விடைத்தாளைக் காட்டுங்கள்: கணிதத் துறைத்தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய துறைத்தலைவர் அவர்களுக்கும், முதலாம் வருடக் கணிதப் பாடத்தை நடத்தும் விரிவுரையாளர்களுக்கும், பரீட்சைக் கிளையினருக்கும்,

முதலாம் வருடக் கணிதப் பெறுபேறு ஒட்டிய பலகையில், அதற்குப் பக்கத்தில் இன்னொரு தாளும் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் இருப்பது மூன்றே வரி. மீள்பரீட்சை எழுத இருப்பவர்கள், அதாவது ரிப்பீட் பிள்ளைகள், அடுத்த பட்ச்சின் ரியூட்டோரியல் வகுப்புகளில் அமர முடியாது, இடம் போதாது. விடைத்தாளைப் பார்வையிடக் கேட்கும் விண்ணப்பங்கள் ஏற்கப்படமாட்டா. அடுத்த வருடம் புதிய பட்ச்சோடு வந்து பரீட்சை எழுதலாம். இந்த மூன்று வரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை கணிதத்தில் எப்படி எழும்பும்? இதைக் கேட்காமல் எங்களால் பேசாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் கணிதம் படிப்பிப்பவர்கள். சிலர் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் எடுப்பவர்கள், சிலர் கம்பஸ் பிள்ளைகளுக்குக் குப்பி, அதாவது பரீட்சைக்கு முன் தனியாக நடத்தும் மீட்டல் வகுப்பு, எடுப்பவர்கள். கணிதத்தில் விழுந்த பிள்ளைகள் பலர் கடைசியில் வந்து நிற்பது எங்கள் மேசையடியில். அவர்களுடைய கொப்பிகளை வரி வரியாகப் பார்க்கிறோம். அதனால் எங்கே பிழைக்கிறது, ஏன் பிழைக்கிறது, எதைச் செய்தால் திருந்துகிறது என்பதை உங்கள் முன் வைக்கிறோம்.

ஒரு வினாவை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸுடன் 4 ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுத்து, அதிலிருந்து 2 ஐக் கழித்து, வருவதை எக்ஸால் வகுக்க வேண்டும். எக்ஸ் 0 ஐ நெருங்கும்போது எல்லை, அதாவது அந்தக் கோவை நெருங்கும் பெறுமானம், என்ன? நேரே 0 ஐப் போட்டால் 0 இன் கீழ் 0 வருகிறது என்று பிள்ளை சரியாகவே எழுதுகிறது. அதனால் கோவையை மாற்ற வேண்டும் என்பதும் அதற்குத் தெரிகிறது. செய்ய வேண்டியது, மேலும் கீழும் அதே வர்க்கமூலத்துடன் 2 ஐக் கூட்டிய கோவையால் பெருக்குவது. அப்போது மேலே எக்ஸ் மட்டும் மிஞ்சும், கீழுள்ள எக்ஸுடன் வெட்டுப்படும், விடை 4 இல் 1. ஆனால் இந்தப் பிள்ளை அடுத்த வரியில் வர்க்கமூலத்தைக் கூட்டலுக்கு மேல் பிரித்துவிடுகிறது. எக்ஸின் வர்க்கமூலம், அதோடு 4 இன் வர்க்கமூலமான 2. பிறகு 2 உம் 2 உம் வெட்டுப்பட, மிஞ்சிய வர்க்கமூலத்தை எக்ஸால் வகுத்து, "எல்லை முடிவிலி" என்று முடிக்கிறது.

இதற்கு 0 போடுவது சரி. அதில் எங்களுக்கு முறைப்பாடு இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு எல்லை என்றால் என்ன என்பது விளங்கியிருந்தது. விளங்காமல் இருந்தது தரம் 10, 11 இல் படித்திருக்க வேண்டிய ஒரு விடயம்: கூட்டலின் வர்க்கமூலம் வேறு, வர்க்கமூலங்களின் கூட்டல் வேறு. 9 உம் 16 உம் கூட்டினால் 25, அதன் வர்க்கமூலம் 5. தனித்தனியாக எடுத்தால் 3 உம் 4 உம், சேர்த்தால் 7. இந்த ஒரு பரிசோதனையைச் செய்து பார்க்க 20 வினாடி போதும். பலகையில் அந்தப் பிள்ளையின் சுட்டெண்ணுக்கு நேரே, சித்தியில்லை என்று பொருள்படும் "ஈ" என்ற ஒற்றை எழுத்துத்தான் இருக்கிறது. அதைப் பார்க்கும் பிள்ளை "எனக்கு எல்லை ஓடாது, நுண்கணிதமே ஓடாது" என்று முடிவுகட்டி, எல்லைப் பாடத்தின் முதலாம் பக்கத்திலிருந்து நோட்ஸை மறுபடி வாசிக்கத் தொடங்குகிறது. ஓட்டை ஒரு இடத்தில், அடைக்கப் போவது இன்னோர் இடத்தில். அடுத்த வருடமும் அதே வர்க்கமூலத்தில் அதே பிழை வரும்.

விழுந்த கணிதப் பாடத்தை மீட்பதற்கு முதல் வேலை, புள்ளி எங்கே போனது என்று கண்டுபிடிப்பது. எங்களிடம் வரும் பிள்ளையை நாங்கள் முதல் நாள் நோட்ஸைத் திறக்க விடுவதில்லை. எழுதிய அதே வினாத்தாளை எடுத்து, நோட்ஸ் இல்லாமல், ஆனால் நேரக் கட்டுப்பாடும் இல்லாமல் முழுவதையும் திரும்ப எழுதச் சொல்வோம். இரண்டு மணித்தியாலப் பேப்பருக்கு நாலு மணித்தியாலம் போனாலும் போகட்டும். பிறகு இழந்த ஒவ்வொரு புள்ளியையும் நாலு நிரல்களில் ஒன்றில் போடுவோம். கீழ்வகுப்பு இயற்கணிதத்தில் போனது, பாடக் கருத்து விளங்காததால் போனது, வினா என்ன கேட்கிறது என்று தெரியாததால் போனது, நேரம் போதாமல் போனது. பரீட்சையில் 28 எடுத்த பிள்ளை நேரக் கட்டுப்பாடு இல்லாமல் 55 எடுத்தால், அதற்குத் தேவை பாடம் அல்ல, மணிக்கூட்டை வைத்துக்கொண்டு எழுதும் பயிற்சி. 30 இலேயே நின்றால் மருந்து வேறு.

இந்த முறையில் ஒரு பெரிய குறை இருக்கிறது. நாங்கள் பார்ப்பது வீட்டில் திரும்ப எழுதிய தாள். மண்டபத்தில் பதற்றத்தோடு எழுதிய தாள் உங்கள் அலுமாரியில் இருக்கிறது. எந்த வினாவை முதலில் தொட்டது, எதில் ஒன்றரைப் பக்கம் எழுதி வெட்டிவிட்டு மறுபடி தொடங்கியது, எதைத் தொடாமலே விட்டது என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் தெரியும். 20 நிமிடம் அதைப் பிள்ளையின் கண்ணுக்கு முன் வைத்தால் எங்களுக்கு இரண்டு கிழமை வேலை மிச்சம். மீள்திருத்தத்துக்குக் காசு கட்டலாம் என்று சொல்கிறீர்கள். மீள்திருத்தம் புள்ளி சரியா என்று பார்க்கும். பிள்ளைக்குத் தேவை, தான் எங்கே பிழைவிட்டேன் என்று பார்ப்பது.

முதலாவது நிரலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கையில் வரும் தாள்களில் ஆகக் கூடுதலாக நிரம்புவது அதுதான். 3 இலிருந்து அடைப்புக்குள் இருக்கும் எக்ஸ் கழித்தல் 2 ஐக் கழிக்கச் சொன்னால், 5 கழித்தல் எக்ஸ் வர வேண்டிய இடத்தில் 1 கழித்தல் எக்ஸ் வருகிறது. அடைப்புக்கு முன்னால் நிற்கும் கழித்தல் உள்ளே இரண்டாவது உறுப்பு வரை போகவில்லை. எக்ஸின் கீழ் 1 என்பது 2 இலும் சிறியது என்ற சமனிலியைத் தந்தால், இரு பக்கமும் எக்ஸால் பெருக்கி, எக்ஸ் அரையிலும் பெரியது என்று முடித்துவிடுகிறார்கள். எக்ஸ் மறையாக இருந்தால் சமனிலிக் குறி திரும்பும் என்பது மறந்துபோகிறது, மறை எண்கள் முழுவதும் விடையிலிருந்து காணாமல் போகின்றன. எக்ஸின் வர்க்கத்தால் பெருக்கினால் இந்தச் சிக்கல் வராது. எக்ஸின் வர்க்கத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் எக்ஸின் மட்டு, அதாவது குறியை நீக்கிய பெறுமானம், வரும், வெறும் எக்ஸ் வராது.

இவை எதுவும் உங்கள் பாடத்திட்டத்தில் இல்லை, இருக்கவும் தேவையில்லை. ஆனால் இப்போது உங்கள் முன்னால் இருக்கும் பிள்ளைகள் 2020, 2021 இல் எந்த வகுப்பில் இருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பாடசாலைகள் மூடிக்கிடந்த அந்தக் காலத்தில் பலர் இருந்தது தரம் 9, 10, 11 இல். அட்சரகணிதப் பின்னம், சுட்டி, மடக்கை, சமனிலி எல்லாம் வரும் வகுப்புகள் அவை. சூமில் பாடம் நடந்தது உண்மை. சிக்னல் பிடிக்க வயல்வரம்புக்குப் போக வேண்டிய வீட்டில், ஒரு போனை மூன்று பிள்ளைகள் பங்கு போட்ட வீட்டில் அந்தப் பாடம் எந்த அளவுக்கு நடந்திருக்கும்?

இங்கே அரசாங்கத்தின் கணக்கையும் ஒருமுறை பாருங்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறித்த மாவட்டங்களுக்கு. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி நான்கும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. வசதி குறைந்த இடத்திலிருந்து வருகிறார்கள் என்று தெரிந்தே உள்ளே எடுக்கிறோம். எடுத்த பிறகு முதலாம் கிழமையில் யாருக்கு எது குறைகிறது என்று ஒரு சின்னப் பேப்பர் வைத்துப் பார்ப்பதில்லை. செமஸ்டர் முடிவில் ஒற்றை எழுத்தை ஒட்டிவிட்டு, ரியூட்டோரியலுக்கு வராதே என்கிறோம்.

இரண்டாவது நிரல் பாடக் கருத்து. இது முழுக்கவும் உங்கள் கையில் இருக்கிறது. எல்லையை நிறுவ எப்சிலன் (விடையில் அனுமதிக்கும் விலகல்), டெல்டா (அதற்காக எக்ஸை எவ்வளவு கிட்ட வைக்க வேண்டும் என்ற தூரம்) என்று தொடங்கும் இடத்தில் பாதி வகுப்பு கைவிட்டுவிடுவது உங்களுக்கும் தெரியும். எக்ஸ் 2 ஐ நெருங்கும்போது எக்ஸின் வர்க்கம் 4 ஐ நெருங்கும் என்று நிறுவ வேண்டும். பலகையில் எழுதப்படுவது: டெல்டாவாக 1, எப்சிலனின் ஐந்திலொன்று ஆகிய இரண்டில் சிறியதை எடுக்க. பிறகு நாலு வரியில் நிறுவல் முடிகிறது. அந்த 5 எங்கிருந்து வந்தது என்பது பின்னால் நடந்த கரட்டு வேலையில் இருக்கிறது. எக்ஸின் வர்க்கத்திலிருந்து 4 ஐக் கழித்தால் அது எக்ஸ் கழித்தல் 2, எக்ஸ் கூட்டல் 2 என்ற இரண்டு காரணிகளாகும். எக்ஸுக்கும் 2 க்கும் இடைத்தூரம் 1 இலும் குறைவு என்று முதலில் கட்டிப்போட்டால், எக்ஸ் 1 க்கும் 3 க்கும் இடையில் நிற்கும். ஆகவே எக்ஸ் கூட்டல் 2 என்பது 5 ஐத் தாண்டாது. 5 வந்தது இப்படித்தான்.

கரட்டு வேலை முடிவிலிருந்து தொடக்கத்துக்கு ஓடுகிறது, நல்ல பிரதி தொடக்கத்திலிருந்து முடிவுக்கு ஓடுகிறது. பிள்ளை பார்ப்பது நல்ல பிரதியை மட்டும். அதனால் 5 ஐப் பாடமாக்குகிறது. பரீட்சையில் எக்ஸ் 3 ஐ நெருங்கும்போது வர்க்கம் 9 ஐ நெருங்கும் என்று நிறுவச் சொன்னால், அங்கேயும் ஐந்திலொன்று என்று எழுதுகிறது. அங்கே எக்ஸ் நிற்பது 2 க்கும் 4 க்கும் இடையில், கூட்டல் 3 போட்டால் 7 ஐத் தாண்டாது, தேவை ஏழிலொன்று. இன்னும் சில பிள்ளைகள் டெல்டாவாக, எப்சிலனை எக்ஸ் கூட்டல் 2 ஆல் வகுத்ததையே எழுதுகிறார்கள். டெல்டாவை முதலில் தேர்ந்து வைத்த பிறகுதான் எக்ஸ் வருகிறது, ஆகவே டெல்டாவுக்குள் எக்ஸ் இருக்க முடியாது என்பதை யாரும் அவர்களுக்கு வாய்விட்டுச் சொல்லவில்லை. இதை விளங்கவைக்க ஒரு ரியூட்டோரியல் போதும். பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் கரட்டு வேலை, வலப்பக்கம் நல்ல பிரதி என்று 2 க்கு ஒருமுறை, 3 க்கு ஒருமுறை, மறை 1 க்கு ஒருமுறை செய்துகாட்டினால், நாலாவதைப் பிள்ளையே செய்யும். நாங்கள் செய்து பார்த்துச் சொல்கிறோம்.

தாயங்களிலும் இப்படி ஒன்று இருக்கிறது. சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்கும்போது, நிரை 1 இலிருந்து நிரை 2 ஐயும், நிரை 2 இலிருந்து நிரை 1 ஐயும் ஒரே அடியில் கழித்துவிடுகிறார்கள், இரண்டுக்கும் பழைய நிரைகளையே பாவித்து. கிடைக்கும் இரண்டு நிரைகளும் ஒன்றுக்கொன்று குறி மாறியவை, அவ்வளவுதான். ஒரு சமன்பாடு தொலைந்துபோனது. பிறகு "முடிவிலித் தீர்வுகள் உண்டு" என்று நம்பிக்கையோடு எழுதுகிறார்கள். ஒரு அடிக்கு ஒரு மாற்றம், செய்த மாற்றத்தை ஓரத்தில் எழுது, இந்த இரண்டு பழக்கமும் வந்தால் இந்தப் பிழை போய்விடும். பிழை எந்த வரியில் வந்தது என்று பார்க்க விடைத்தாள் கையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது நிரல் எங்களுக்கு ஆக வலிக்கும் நிரல். இந்தப் பிள்ளைகள் 13 வருடம் தமிழில் கணிதம் படித்தவர்கள். காவி, தாயம், துணிகோவை, பெறுதி, சமனிலி, சிக்கலெண் என்று எல்லாம் தெரியும். முதல் நாள் விரிவுரையில் வெக்டர், மெட்ரிக்ஸ், டிட்டர்மினன்ட், டெரிவேட்டிவ் என்று கேட்கும்போது, தெரிந்த பொருளைத் தெரியாத பொருள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெயர்ச்சொல் இரண்டு மூன்று கிழமையில் பழகிவிடும். பழகாமல் புள்ளியைக் கொண்டுபோவது கட்டளைச் சொற்கள்.

"ஹென்ஸ்" என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். வினாவின் முதற்பகுதியில், ஒரு முழு எண்ணையும் அதற்கு அடுத்த எண்ணையும் பெருக்கி 1 ஐ அதால் வகுத்தால், அது இரண்டு பின்னங்களின் வித்தியாசமாக வரும் என்று காட்டச் சொல்லியிருக்கிறது. இரண்டாம் பகுதி, ஹென்ஸ், அப்படிப்பட்ட பின்னங்களின் தொடரில் முதல் "என்" எண்ணிக்கையான உறுப்புகளின் கூட்டுத்தொகையைக் காண்க. முதற்பகுதியைப் பாவித்தால் நடுவிலுள்ள உறுப்பெல்லாம் வெட்டுப்பட்டு மூன்று வரியில் முடியும். பிள்ளை இரண்டாம் பகுதியைத் தனி வினா என்று எடுத்து, விடையை ஊகித்து, கணிதத் தொகுத்தறிவால் ஒரு பக்கம் நிறுவுகிறது. நிறுவலில் பிழையில்லை. ஆனால் கேட்ட முறையில் செய்யவில்லை, புள்ளி இல்லை, 15 நிமிடமும் போனது. "ஹென்ஸ் ஓர் அதர்வைஸ்", அதாவது இதிலிருந்தோ வேறு வழியிலோ, என்று இருந்திருந்தால் அதே விடைக்கு முழுப் புள்ளி. உயர்தரப் பேப்பரில் "இதிலிருந்து" என்று இருந்தபோது இதே பிள்ளை இதைச் சரியாகச் செய்தது. "உய்த்தறிக" என்பதை நன்றாக அறிந்த பிள்ளை "டிட்யூஸ்" என்ற சொல்லுக்கு முன்னால் தடுமாறுகிறது. "டிட்டர்மைன் வெதர்" என்றால் ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிட்டுக் காரணமும் எழுத வேண்டும் என்று தெரியாமல், காரணம் மட்டும் எழுதி முடிவு சொல்லாமல் விட்டுவிடுகிறது. 60 சொற்கள் போதும். இரண்டு பக்கத் தாளில் ஒரு பக்கம் ஆங்கிலம், எதிரே தமிழ், எந்தச் சொல்லுக்கு எப்படிப்பட்ட விடை எதிர்பார்க்கப்படுகிறது என்று ஒவ்வொரு வரி. அவ்வளவுதான் கேட்கிறோம். பாட மொழியை மாற்றச் சொல்லவில்லை.

நேரம் என்ற நாலாவது நிரலுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. இரண்டு மணித்தியாலம், நாலு வினா என்றால் வினாவுக்கு 25 நிமிடம். முதல் 10 நிமிடம் வாசிப்பதற்கு, கடைசி 10 நிமிடம் திரும்பப் பார்ப்பதற்கு. 25 நிமிடம் முடிந்தால் நடு வரியில் நின்றாலும் இடம் விட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போக வேண்டும். வெட்டுப்பட்ட ஒன்றரைப் பக்கங்கள் அநேகமாக இந்தப் பழக்கம் இல்லாததால் வருபவை.

இனி மீள்பரீட்சைக்கான நேரக் கணக்கு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல், அதில் விரிவுரை 15 மணித்தியாலம். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 150 மணித்தியாலம், விரிவுரை 45, மிகுதி 105 பிள்ளை தானாகப் படிக்க வேண்டியது. ரிப்பீட் பிள்ளையிடமிருந்து விரிவுரையையும் ரியூட்டோரியலையும் எடுத்துவிட்டாலும் அந்த 105 அப்படியே இருக்கிறது. 15 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு 7 மணித்தியாலம். இதை நாங்கள் இப்படிப் பிரிக்கிறோம். முதல் மூன்று கிழமையும் இயற்கணிதம் மட்டும்: அடைப்பும் பின்னமும் சுட்டியும் ஒரு கிழமை, காரணி, சமனிலி, மட்டு ஆகியவை ஒரு கிழமை, மடக்கையும் திரிகோணகணிதமும் ஒரு கிழமை. அடுத்த ஒன்பது கிழமை பாடம், புள்ளி ஆகக் கூடுதலாகப் போன தலைப்பிலிருந்து தொடங்கி. கடைசி மூன்று கிழமை, மணிக்கூடு வைத்துப் பாஸ்ட் பேப்பர்.

இதில் பிழைக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, செய்து வைத்த விடையை வாசித்துவிட்டு "விளங்குது" என்று தலையாட்டுவது. வாசிக்கும்போது எல்லாம் விளங்கும். விடையை மூடிவிட்டு வெற்றுத் தாளில் எழுதினால்தான் எந்த வரியில் கை நிற்கிறது என்று தெரியும். பிழைத்த கணக்கை மூன்று நாள் கழித்து ஒருமுறை, பத்து நாள் கழித்து ஒருமுறை நோட்ஸ் பார்க்காமல் திரும்பச் செய்ய வேண்டும். மற்றது குப்பி. பரீட்சைக்கு இரண்டு இரவு முன்னால் நடக்கும் குப்பி 38 இல் நிற்கும் பிள்ளையை 42 க்குத் தள்ளும். 20 இல் நிற்கும் பிள்ளைக்கு அது உதவாது. நாங்களே குப்பி எடுப்பவர்கள் என்பதால் இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறோம். குப்பியை நம்பி ரியூட்டோரியலை மூடாதீர்கள்.

"40 எடுத்தால் போதும்தானே" என்று ரிப்பீட் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது. பழைய தொடர்மதிப்பீட்டுப் புள்ளியை, அதாவது செமஸ்டர் நடக்கும்போதே வைக்கும் மதிப்பீடுகளின் புள்ளியை, அப்படியே வைத்துக்கொண்டு இதைச் சொல்வது சரியில்லை. தொடர்மதிப்பீட்டுக்கு 40, பரீட்சைக்கு 60 என்று வைத்துக்கொள்வோம். விழுந்த பிள்ளை தொடர்மதிப்பீட்டில் 40 க்கு 8 எடுத்திருந்தால், பரீட்சையில் 60 க்கு 32 எடுக்க வேண்டும். அது 53 வீதம். முதல் தடவை எழுதும் பிள்ளை தொடர்மதிப்பீட்டில் 25 எடுத்திருந்தால், அதற்குத் தேவை 15 மட்டும். வகுப்பும் இல்லாமல், விடைத்தாளும் பார்க்காமல், கூடுதலாக எடுக்க வேண்டியவர் ரிப்பீட் பிள்ளைதான். அப்படி எடுத்தாலும் தரம் சி ஐத் தாண்டாது என்ற கட்டுப்பாடும் இருக்கிறது. அந்தக் கட்டுப்பாட்டை நீங்கள் தனியே மாற்ற முடியாது என்பது விளங்குகிறது, அதைக் கேட்கவில்லை. புதிதாகத் தொடர்மதிப்பீடு எழுத விடுவது உங்கள் துறை முன்னெடுக்கக்கூடிய காரியம்.

நேரசூசியையும் பாருங்கள். ரிப்பீட் பிள்ளை இப்போது இரண்டாம் வருடம். முதலாம் வருடக் கணித விரிவுரை நடக்கும் நேரத்தில் அதற்கு வேறு விரிவுரை, அதற்கு 80 வீத வரவு வேண்டும். முதலாம் வருடத்தில் கிடைத்த விடுதி இப்போது கைவிட்டுப் போயிருக்கும். பின்னேரம் ஆறு மணிக்கு வகுப்பு வைத்தால், ஏ9 வீதியோரம் இருப்பவர் எப்படியும் பஸ் பிடிப்பார். மாங்குளத்தில் இறங்கி ஒட்டுசுட்டான் பக்கமோ மல்லாவிப் பக்கமோ போக வேண்டிய பிள்ளை, பொழுதுபட்டால் என்ன செய்யும்? பெண் பிள்ளை என்றால் வீட்டில் விடவே மாட்டார்கள். தை, மாசியில் காலபோக அறுவடை, பல வீடுகளில் அந்த இரண்டு மாதமும் பிள்ளையின் கையும் வேண்டும். இவற்றைச் சாக்காகச் சொல்லவில்லை. வகுப்பை எப்போது வைத்தால் பிள்ளைகள் வருவார்கள் என்று சொல்கிறோம்: கிழமை நாளில், மதியம் 12 க்கும் 2 க்கும் இடையில்.

இடம் போதாது என்ற காரணத்தை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. 40 கதிரை உள்ள அறையில் 60 பேரை வைத்து ரியூட்டோரியல் நடத்த முடியாது. ஆனால் ரியூட்டோரியல் தாளைக் கொடுக்கக் கதிரை தேவையில்லை, எழுதியதைத் திருத்திக் கொடுக்கவும் தேவையில்லை. தரம் குறையும் என்ற கவலையும் எங்கள் காதுக்கு வருகிறது. ஒரு பிள்ளைக்கும் ஒரு புள்ளி கூட்டிப் போடச் சொல்லவில்லை. பேப்பரை இலகுவாக்கச் சொல்லவில்லை. எப்சிலன் டெல்டாவை எடுத்துவிடச் சொல்லவில்லை, அது இருக்கத்தான் வேண்டும்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை.

பலகையில் இருக்கும் அந்த அறிவித்தலை அடுத்த செமஸ்டர் தொடங்குமுன் மீளப்பெறுங்கள். ரியூட்டோரியலில் ரிப்பீட் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்குங்கள். அறை போதாவிட்டால் கிழமைக்கு இரண்டு மணித்தியாலம், 15 கிழமைக்கு அவர்களுக்கென்று தனி ரியூட்டோரியல், மதிய நேரத்தில். ஆள் பற்றாக்குறை என்றால், எங்களில் சிலர் உங்கள் விரிவுரையாளரின் மேற்பார்வையில் கொடுப்பனவில்லாமல் வந்து நிற்கத் தயாராக இருக்கிறோம்.

பெறுபேறு வெளியாகி இரண்டு கிழமைக்குள் ஒரு நாளை ஒதுக்கி, சித்தியெய்தாத ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் விடைத்தாளைப் புள்ளித்திட்டத்தோடு 20 நிமிடம் காட்டுங்கள். போன் உள்ளே வேண்டாம், தாளை வெளியே கொண்டுபோகவும் வேண்டாம், ஒரு பென்சிலும் வெற்றுத் தாளும் போதும். விதிமுறை அதற்கும் இடம் தராவிட்டால், வினாவாரியாகக் கிடைத்த புள்ளியையாவது எழுதிக் கொடுங்கள்.

புதிய பட்ச்சுக்கு முதலாம் கிழமையில் 20 சிறு வினா, 40 நிமிடம், தரம் 9 முதல் 11 வரையான இயற்கணிதத்தில் ஒரு பேப்பர் வையுங்கள். புள்ளியை எதிலும் சேர்க்க வேண்டாம். 12 க்குக் கீழே எடுப்பவர்களுக்கு மூன்று கிழமை மேலதிக வகுப்பு. நடுச் செமஸ்டர் மதிப்பீட்டில் 40 வீதத்துக்குக் கீழே வந்த பிள்ளையை அந்தக் கிழமையே கூப்பிட்டுப் பேசுங்கள், பெறுபேறு ஒட்டும் வரை விட்டுவைக்காதீர்கள்.

கட்டளைச் சொற்கள் உட்பட 60 சொல்லுக்கு ஆங்கிலமும் தமிழும் உள்ள இரண்டு பக்கத் தாளை முதல் விரிவுரையில் கொடுங்கள். வரைவை நாங்கள் தயாரித்துத் தருகிறோம், நீங்கள் திருத்தினால் போதும். கடந்த ஐந்து வருட வினாத்தாள்களையும், ஒவ்வொன்றிலும் பொதுவாக விடப்பட்ட பிழைகள் பற்றிய ஒரு பக்கக் குறிப்பையும் நூலகத்தில் வையுங்கள்.

ரிப்பீட் பிள்ளைகள் விரும்பினால் தொடர்மதிப்பீட்டைப் புதிதாக எழுதவும், இரண்டில் கூடிய புள்ளியை எடுத்துக்கொள்ளவும் அனுமதிக்கும் முன்மொழிவைப் பீடச் சபைக்குக் கொண்டுபோங்கள். முதலாம் வருட மீள்பரீட்சையும் இரண்டாம் வருடப் பரீட்சையும் ஒரே நாளில் விழாதபடி சூசியைத் தயாரிக்கும்போதே பாருங்கள்.

இதற்கான பதிலை அதே பலகையில், அதே இடத்தில் ஒட்டுங்கள். பிள்ளைகள் தினமும் போய்ப் பார்க்கும் இடம் அது.

இப்படிக்கு,
வன்னியில் கணிதம் படிப்பிப்போர்